அம்மாவின் புடவை நிறமும் பதினாறு பிட்டும்

2020 ஊரடங்கில் எல்லோரும் வீட்டை ஒழித்துப் போட்டோம், இல்லையா? நானும் பரண் மேலிருந்த பெட்டிகளை இறக்கினேன். ஒரு பெட்டியில் ஒரு சிடி இருந்தது. உறையின் மேல் என் கையெழுத்தில், "குடும்ப போட்டோக்கள், முழுவதும், 2004" என்று எழுதியிருந்தது. அந்த "முழுவதும்" என்ற வார்த்தையை எழுதியபோது எனக்கு இருந்த நிம்மதி இன்னும் நினைவில் இருக்கிறது. அது தவறான நிம்மதி என்று புரிய பதினாறு வருஷம் ஆயிற்று.

சிடி நல்ல வேளையாகத் திறந்தது. 340 படங்கள். அதில் நான் தேடியது ஒன்றுதான். 1983-இல் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்து வீட்டில் அக்கா மகளுக்குக் காது குத்திய படம். தாய்மாமன் மடியில் பிள்ளை, அதாவது என் மடியில். வாயைப் பிளந்து அழுகிறது. பக்கத்தில் அக்கா. வெள்ளை வேட்டியில் அப்பா. முற்றத்து வெயில் எங்கள் எல்லோர் மேலும் சுள்ளென்று விழுகிறது. பின்னால் தாழ்வாரத்துத் தூணை ஒட்டி நிழலில் அம்மா. போட்டோ என்றாலே ஒதுங்கி நிற்கிறவர் அம்மா. அடுத்த வருஷமே தவறிவிட்டார். கலரில் அம்மா இருக்கிற படம் எங்கள் குடும்பத்திலேயே இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளை.

அந்த நிழலைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினால் அம்மா முகம் தெரியுமே என்று கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தேன். தெரிந்தது முகமில்லை. பள்ளிக்கூடத்து நிலப்படத்தில் மலை உயரத்தைக் காட்டப் பட்டை பட்டையாக வண்ணம் தீட்டியிருப்பார்களே, அது மாதிரி. ஒரு பழுப்புப் பட்டை, அதற்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பட்டை, நடுவில் சதுரம் சதுரமாகத் திட்டு. கண் எங்கே, மூக்கு எங்கே என்று நானாகக் கற்பனை செய்துகொண்டால்தான் உண்டு.

குற்றம் யாருடையது? என்னுடையதுதான். 2004-இல் ஸ்கேன் செய்துகொடுத்த கடைக்காரத் தம்பி நியாயமாகத்தான் கேட்டான். "சார், எட்டு பிட் போதுமா, பதினாறு பிட் வேணுமா? பதினாறுல டிஃப் பைலா போட்டா ஒரு சிடிக்குப் பதினஞ்சு படம்தான் வரும். எட்டுல ஜேபெக்கா போட்டா எல்லாமே ஒரே சிடில அடங்கிடும்." நான் தொலைபேசித் துறையில் முப்பது வருஷம் கொட்டை போட்டவன். அவனுக்குப் பாடம் எடுத்தேன். "எட்டு பிட் போதும்பா. இந்தியா முழுக்க மனுஷன் குரலே எட்டு பிட்லதான் போகுது, தெரியுமா?" அவன் சிரித்துக்கொண்டே சரி என்று சொல்லிவிட்டான்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியை நானே ஜபல்பூர் பயிற்சி மையத்தில் பரீட்சைக்குப் படித்து எழுதியிருக்கிறேன் என்பதுதான் வேடிக்கை. அதற்கு வருவதற்கு முன்னால், பிட் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

ஒரு பிட் என்றால் ஆம் அல்லது இல்லை. படத்தின் ஒரு புள்ளிக்கு ஒரே ஒரு பிட் கொடுத்தால், அது கறுப்பு அல்லது வெள்ளை, அவ்வளவுதான். இரண்டு பிட் என்றால் நான்கு படிகள். மூன்று என்றால் எட்டு. ஒவ்வொரு பிட்டும் கூடும்போது படிகள் இரட்டிக்கும். எட்டு பிட்டுக்கு 256 படிகள். பதினாறுக்கு 65,536. இந்த இரட்டிப்புக் கணக்கு நமக்குப் புதிதில்லை. சின்ன வயதில் பத்தாயத்தடியில் உட்கார்ந்து சொன்ன வாய்ப்பாடு நினைவிருக்கிறதா? இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி. பெருக்கிப் பாருங்கள். ஒரு தூணிக்குச் சரியாக 256 ஆழாக்கு! நம் பாட்டனார்கள் எட்டு பிட்டில்தான் நெல் அளந்திருக்கிறார்கள். அதற்கு மேல் மூன்று தூணி ஒரு கலம். கலர் படத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தூணிகள். மூன்றுக்கும் சேர்த்து 24 பிட் என்கிறார்கள். பதினாறு பிட் என்றால், அந்த ஒவ்வோர் ஆழாக்கையும் மறுபடி 256-ஆகப் பிரிப்பது. ஆழாக்குக்கு ஐந்து செவிடு, செவிட்டுக்கு 360 நெல் என்று பழைய கணக்கு. ஆக ஆழாக்குக்கு 1,800 நெல். அதை 256-ஆல் வகுத்தால் ஏழு நெல். எட்டு பிட்காரன் ஆழாக்கால் அளக்கிறான். பதினாறு பிட்காரன் ஏழேழு நெல்லாக எண்ணுகிறான்.

ஏழு நெல்லை யார் கேட்டார்கள் என்பதுதான் கேள்வி. 2004-இல் நானும் அதைத்தான் கேட்டேன்.

ஊரடங்கில் வேறு வேலை என்ன? இந்தப் படி எண்ணும் வித்தை எப்படி வந்தது என்று படிக்க ஆரம்பித்தேன்.

முதல் முதலில் ஒரு போட்டோவைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றியவர் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற அமெரிக்கர். 1957-ஆம் வருஷம். வாஷிங்டனில் அந்நாட்டுத் தர நிர்ணய நிலையத்தில் சீக் என்று ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கிர்ஷ் தன் மூன்று மாதக் கைக்குழந்தை வால்டனின் படத்தை ஓர் உருளையில் சுற்றி, அதைச் சுழலவிட்டு, ஒளியை உணரும் குழாயால் புள்ளி புள்ளியாகப் படித்தார். படம் ஐந்து சென்டிமீட்டர் சதுரம்தான். குறுக்கே 176 புள்ளி, நெடுக்கே 176 புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒரு பிட். குழந்தையின் முகம் மையால் ஒற்றி எடுத்த மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக வந்தது. அது போதவில்லை. அதனால் எந்த அளவு வெளிச்சத்துக்கு மேல் வெள்ளை என்று கொள்வது என்ற வரம்பை மாற்றி மாற்றி அதே படத்தைப் பல தடவை படித்து, எல்லாவற்றையும் சேர்த்தார்கள். அப்போதுதான் கன்னத்தின் வளைவு தெரிந்தது. ஆக, கம்ப்யூட்டர் படம் பிறந்த அன்றே ஒரு பிட் போதாது என்ற சங்கடமும் கூடவே பிறந்துவிட்டது. கிர்ஷ் 2020 ஆகஸ்டில் காலமானார். நான் பரணை ஒழித்துக்கொண்டிருந்த அதே வருஷம்.

அடுத்தது 1965 ஜூலை. மாரினர் 4 விண்கலம் செவ்வாய்க் கிரகத்தை ஒட்டிப் பறந்து படம் எடுத்தது. 200-க்கு 200 புள்ளி, புள்ளிக்கு 6 பிட், அதாவது 64 படிகள். பெருக்கினால் ஒரு படத்துக்கு 2,40,000 பிட். அதைப் பூமிக்கு அனுப்பிய வேகம் நொடிக்கு 8.33 பிட். எங்கள் காலத்துத் தந்திக்காரர் கூட இதைவிட வேகமாகத் தட்டுவார்! ஒரு படம் வந்து சேர எட்டு மணி நேரம். கலிபோர்னியாவில் இருந்த பொறியாளர்களுக்குப் பொறுக்கவில்லை. எண்களைக் காகித நாடாவில் அச்சடித்து, நாடாக்களை ஒரு பலகையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, இந்த எண்ணுக்கு இந்த நிறம் என்று வண்ணக் கட்டிகளால் கையாலேயே தீட்டிப் பார்த்தார்கள். வேறொரு கிரகத்தை அருகிலிருந்து எடுத்த முதல் டிஜிட்டல் படம், சின்னப் பிள்ளைகள் படத்துக்கு வண்ணம் அடிப்பதுபோல் அடிக்கப்பட்டது. அங்கே ஒரு பிட் கூடினாலும் காத்திருப்பு ஒரு மணி இருபது நிமிஷம் கூடும். ஆறோடு நிறுத்தியதற்குக் காரணம் இருந்தது. என் சிடிக்கும் அதே மாதிரி ஒரு காரணம் இருந்தது என்று என்னை நானே தேற்றிக்கொள்ளலாம். ஆனால் செவ்வாய்க்குத் திரும்பப் போக முடியாது. கும்பகோணம் கடைக்கு இன்னும் நாலு சிடி வாங்கிப் போயிருக்கலாம்.

இப்போது பிலிமுக்கு வருவோம். பிலிமில் எத்தனை படிகள் இருக்கின்றன? பிலிமில் படி கிடையாது, சரிவுதான். அந்தச் சரிவை முதலில் ஒழுங்காக அளந்தவர்கள் ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற இரண்டு பேர். இங்கிலாந்தில் ரசாயனத் தொழிற்சாலை வேலைக்காரர்கள். போட்டோ பிடிப்பது பொழுதுபோக்கு. 1890-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். நெகட்டிவ் எவ்வளவு கறுத்திருக்கிறது என்பதை அதன் வழியே எவ்வளவு வெளிச்சம் போகிறது என்று பார்த்து, அதை மடக்கைக் கணக்கில், நம் பள்ளிக்கூட லாகரிதத்தில், சொன்னார்கள். அதற்கு அடர்த்தி என்று பெயர். அடர்த்தி 1 என்றால் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் தாண்டும். 2 என்றால் நூறில் ஒரு பங்கு. 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. நல்ல ஸ்லைடு பிலிமின் கறுப்பு இந்த மூன்றையும் தாண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கை 256 சம படிகளால் எப்படி அளப்பது? முதல் படிக்கே அது எட்டாது. ஸ்கேனர்காரர்கள் பத்து, பன்னிரண்டு, பதினான்கு என்று பிட்டை ஏற்றிக்கொண்டே போனதற்கு இதுதான் அடிப்படை. சம படிகளாக வைத்தால் பன்னிரண்டு பிட்டில்தான் நாலாயிரத்தில் ஒரு பங்கைத் தொடலாம்.

"சம படிகளாக வைத்தால்" என்ற இடத்தில்தான் நான் மறந்துபோன ஜபல்பூர் பாடம் இருக்கிறது. குரலை எண்ணாக மாற்றி அனுப்பும் யோசனையை 1937-இல் அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயர் பாரிஸில் கண்டுபிடித்தார். நொடிக்கு 8,000 தடவை குரலின் உயரத்தை அளந்து, ஒவ்வோர் அளவுக்கும் 8 பிட் கொடுத்து அனுப்புகிறோம். 64,000 பிட். அதுதான் ஒரு டெலிபோன் வழி. ஆனால் அந்த 256 படிகளும் சமமானவை அல்ல. மெல்லிய குரலுக்குப் பொடிப் பொடிப் படிகள், உரத்த குரலுக்குப் பெரிய பெரிய படிகள். ரகசியம் பேசும்போது சின்ன வித்தியாசமும் காதில் விழும், கத்தும்போது விழாது என்பதால் இந்த ஏற்பாடு. இந்தியாவும் ஐரோப்பாவும் பின்பற்றும் முறைக்கு ஏ-லா என்று பெயர். சம படிகளாக வைத்திருந்தால் இதே தரத்துக்குப் 13 பிட் வேண்டும். கண்ணும் இப்படித்தான். இருட்டில் ஓர் அகல் விளக்கு பெரிய வித்தியாசம், வெயிலில் நூறு விளக்கு ஏற்றினாலும் தெரியாது. அதனால் கம்ப்யூட்டர் படங்களிலும் எட்டு பிட் என்றால் நிழலுக்குச் சின்னப் படி, வெளிச்சத்துக்குப் பெரிய படி என்று வளைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். பார்க்கிற கண்ணுக்கு அந்த 256 போதும். நம் டிவி, செல்போன் படம் எல்லாம் பெரும்பாலும் அதில்தான் ஓடுகிறது.

அப்படியென்றால் நான் கடைக்காரத் தம்பியிடம் சொன்னது சரிதானே? இல்லை. டெலிபோனில் குரல் போய்ச் சேர்ந்த இடத்தில் யாரும் அதை உட்கார்ந்து திருத்துவதில்லை. கேட்டுவிட்டு ரிசீவரை வைத்துவிடுவார்கள். போட்டோவை ஸ்கேன் செய்வது அந்த மாதிரி முடிந்த காரியமில்லை. அது டார்க் ரூமுக்குள் நுழைவது. அதற்குப் பிறகுதான் வேலையே இருக்கிறது. எட்டு பிட் பரிமாறுகிற இலைக்குப் போதும், சமைக்கிற அண்டாவுக்குப் போதாது.

கலர் நெகட்டிவில் இது இன்னும் மோசம். கலர் நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அந்த ஆரஞ்சு நிறம் தெரியும். பழசாகிப் பழுத்துவிட்டது என்று நான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. பிலிமில் உள்ள சாயங்கள் சுத்தமான நிறங்கள் அல்ல. ஒவ்வொன்றிலும் அடுத்த நிறத்தின் அழுக்குக் கொஞ்சம் உண்டு. அதை ஈடுகட்டுவதற்காக கோடாக் நிறுவனத்தார் 1940-களில் வேண்டுமென்றே சேர்த்த திரை அது. பிரிண்ட் போடும்போது சரியாகிவிடும். ஆனால் ஸ்கேனருக்கு அந்த ஆரஞ்சு, நீல வெளிச்சத்தை முக்கால்வாசிக்கு மேல் விழுங்கிவிடுகிற பூதம். சிவப்புக்கு 256 படி கிடைக்கிற இடத்தில் நீலத்துக்கு முப்பது நாற்பது படிதான் மிஞ்சும். அதோடு நெகட்டிவே இயல்பில் சப்பென்று இருக்கும். படம் முழுவதும் ஒரு சின்ன எல்லைக்குள் அடங்கிக் கிடக்கும். தலைகீழாக்கி, ஆரஞ்சைக் கழித்து, அந்தச் சின்ன எல்லையைப் பெரிதாக இழுத்தால்தான் படம் நம் கண்ணுக்குப் படமாக வரும். முப்பது படியை 256-ஆக இழுத்தால் என்ன ஆகும்? பழைய சீப்பு மாதிரி ஒரு பல் இருக்கும், ஏழு பல் இருக்காது. அதுதான் பட்டை பட்டையாகத் தெரிவது.

இதைச் சினிமாக்காரர்கள் நமக்கு வெகு முன்பே அனுபவித்துக் கரையேறிவிட்டார்கள். டிஸ்னியின் ஸ்னோ ஒயிட் படம் 1937-இல் வந்தது. 1993-இல் அதை மறுபடி திரையிட முழுப் படத்தையும் ஸ்கேன் செய்து, தூசியும் கீறலும் கம்ப்யூட்டரில் நீக்கி, திரும்பவும் பிலிமில் பதித்தார்கள். 83 நிமிடப் படம். நொடிக்கு 24 சட்டம் என்று பெருக்கினால் ஏறத்தாழ 1,20,000 சட்டங்கள். ஒரு முழுப் படத்தை இப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. அதற்குப் பயன்பட்டது கோடாக்கின் சினியான் என்ற ஏற்பாடு. அதை வடிவமைத்தவர்கள் எட்டும் எடுக்கவில்லை, பதினாறும் எடுக்கவில்லை. ஒரு நிறத்துக்குப் பத்து பிட், 1,024 படிகள். ஆனால் அவை ஹர்ட்டர், டிரிஃபீல்டு கணக்கில் வைத்த படிகள். ஒரு படிக்கு 0.002 அடர்த்தி. பெருக்கினால் இரண்டுக்குச் சற்று மேல். நெகட்டிவுக்கு அது போதும். 1890-இல் இரண்டு பேர் பொழுதுபோக்காகப் போட்ட கணக்கு நூறு வருஷம் கழித்து வேலைக்கு வந்தது. எத்தனை படி என்பதைவிட, படிகளை எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். டெலிபோன்காரனான எனக்கு இது புத்தகம் பார்க்காமலே தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டு போட்டோக்காரர்களுக்கென்று அதே கோடாக் 1992-இல் போட்டோ சிடி என்று ஒன்றை விற்பனைக்கு விட்டது. ஒரு வட்டில் சுமார் நூறு படம், எட்டு பிட்தான், தனி வகைப் பைல். அழகான ஏற்பாடு. பத்து வருஷத்தில் அதைத் திறக்கும் மென்பொருள் தேடி அலைய வேண்டியதாயிற்று. அதனால், எத்தனை பிட் ஆனாலும், எல்லோருக்கும் திறக்கிற பைலாக இருக்க வேண்டும். டிஃப் 1986-இலிருந்து இருக்கிறது. இன்றும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கிறது. ஜேபெக் எங்கும் திறக்கும், ஆனால் நாம் பயன்படுத்துகிற ஜேபெக்கில் எட்டு பிட்டுக்கு மேல் இடமில்லை. பதினாறில் ஸ்கேன் செய்துவிட்டு ஜேபெக்காகச் சேமித்தால், கலத்தில் வாங்கிய நெல்லை ஆழாக்கால் அளந்து கொண்டுவந்த கதைதான்.

சரி, நெகட்டிவ் எங்கே? இதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. சிடி வந்தவுடன், அதான் முழுவதும் ஏற்றியாயிற்றே என்று, எல்லா நெகட்டிவையும் ஒரு தகர டப்பாவில் போட்டுப் பரணில் வைத்தேன். அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் பரண் ஒழுகியது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அப்பளக் கட்டு மாதிரி ஆகிவிட்டன. குப்பையில் போட்டேன். சிடி இருக்கிற தைரியம்.

தப்பியது ஒரு ரோல்தான். அக்காவின் தயவு. 2004-இல் ஸ்கேனுக்காக அக்காவிடமிருந்து வாங்கிய காதுகுத்து ரோலை, வேலை முடிந்த அன்றே போன் போட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டுவிட்டார். "உன் சிடியெல்லாம் எனக்கு எதுக்குடா? என் பிலிமை என்கிட்ட குடு" என்றார். ஊரடங்கு தளர்ந்ததும் திருச்சிக்குப் போனேன். பிஸ்கட் டின்னில், கண்ணாடித்தாள் உறைகளில், நாலு துண்டுகளாக இருந்தது. இரண்டு துண்டுகள் உறையோடு ஒட்டிப்போயிருந்தன. அம்மா இருக்கிற துண்டில் ஓரத்தில் மட்டும் பூஞ்சை, நட்சத்திரம் நட்சத்திரமாக. டின்னை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

மகன் ஒரு ஸ்கேனர் வாங்கிக் கொடுத்தான். பெட்டியின் மேல் பெரிதாக 48 பிட் என்று போட்டிருந்தது. மூன்று நிறத்துக்கும் தலா பதினாறு என்று கணக்கு. அதை அப்படியே நம்ப வேண்டாம். பைலில் பதினாறு பிட்டுக்கு இடம் இருக்கும். உள்ளே உண்மையான தகவல் பன்னிரண்டு, பதின்மூன்று பிட் இருந்தால் அதிகம். அதற்குக் கீழே மின்னணு இரைச்சல்தான். மகன் கூடக் கேட்டான். "அப்பா, ஸ்கேனர் உள்ள எப்படியும் அதிக பிட்லதான் அளக்குது. அதோட மென்பொருள்லயே வெளிச்சம், நிறமெல்லாம் சரி பண்ணிட்டு வெளிய வரும்போது எட்டா எடுத்தா என்ன?" நியாயமான கேள்வி. அப்படி எடுத்துத் திருப்தியாக இருக்கிறவர்கள் நிறையப் பேர். பிலிமின் துகளே படிகளுக்கு நடுவில் தூவிவிட்ட மாதிரி இருப்பதால் வானம், சுவர் போன்ற இடங்களில் பட்டை தெரியாமல் மறைத்துவிடும். ஆனால் அதற்கு, ஸ்கேன் செய்கிற அந்த நிமிஷத்திலேயே எது முக்கியம் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைக்காரத் தம்பிக்கு என் மடியில் இருந்த பிள்ளைதான் முக்கியம். தூணுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

ஓர் அங்குலத்துக்கு 2,400 புள்ளி வைத்தால் ஒரு சட்டம் 3,400-க்கு 2,270 புள்ளி. எட்டு பிட்டில் 23 மெகாபைட், பதினாறில் 46. இரண்டு விதமாகவும் எடுத்துப் பார்த்தேன். திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானேங்க, இதுக்கா காலைலேருந்து உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டாள். திருத்தாமல் பார்த்தால் ஒன்றுதான். பிறகு நிழலை மெல்லத் தூக்கினேன். பழைய சிடி படத்தில் அம்மா முகம் முழுவதும் எட்டிலிருந்து இருபத்தொன்று வரை, மொத்தம் பதினாலு படிக்குள் இருந்தது. ஒரு முகத்தைப் பதினாலு சாயத்தில் வரைய முடியுமா? பதினாறு பிட்டில் அதே இடத்தில் மூவாயிரத்து ஐந்நூறு படிக்கு மேல் இடம் இருந்தது. இரைச்சலைக் கழித்தாலும் சில நூறு மிஞ்சும்.

முதலில் மூக்குத்தி வந்தது. ஒரு வெள்ளைப் புள்ளி. பிறகு கன்னம். பிறகு கண் இருக்க வேண்டிய இடத்தில் கண் இல்லை. ஸ்கேன் கோளாறு என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் தூக்கினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷமும் தலைப்பைச் சரி செய்கிறார் என்று நாங்கள் நினைத்திருந்த வலது கை, தலைப்பில் இல்லை. உள்ளங்கையால் தன் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறார்.

எல்லாவற்றையும் பிட் கொடுத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஸ்டுடியோக்காரர் வெயிலுக்கு அளவு வைத்தபோதும் நிழலில் கொஞ்சம் வெளிச்சம் பிலிமைத் தொட்டிருக்கிறது. தொடாமல் போயிருந்தால் 16 இல்லை, 160 பிட் வைத்தாலும் வெறும் ஆரஞ்சுதான் வந்திருக்கும். அம்மாவின் காலடியில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஒன்றுமே இல்லை.

புடவை நிறத்தில் எனக்கும் அக்காவுக்கும் நாற்பது வருஷ வழக்கு. நான் அரக்கு என்பேன், அக்கா கத்திரிப்பூ நிறம் என்பார். அப்போது போட்ட பிரிண்ட் என் பக்கம் சாட்சி சொல்லும், ஆனால் அந்தக் காலத்து பிரிண்ட் எல்லாமே சாயம் போய்ச் சிவந்துவிட்டதே. இப்போது அப்பாவின் வேட்டியை வெள்ளை என்று வைத்து நிறத்தைச் சரிசெய்தால், புடவை அக்கா சொன்ன பக்கம்தான் சாய்கிறது. ஆனால் நிழலில் விழுகிற வெளிச்சம் வானத்து வெளிச்சம், அதில் நீலம் கலந்திருக்கும். வேட்டியோ வெயிலில் இருக்கிறது. வெயிலில் அந்தப் புடவை எப்படி இருந்திருக்கும் என்று இந்தப் படம் சொல்லாது. மேல்முறையீட்டுக்கு இன்னும் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

படத்தைப் பெரிய பிரிண்டாகப் போட்டு எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போனேன். வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். புடவையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"பிள்ளை அழறது தாங்காம காதைப் பொத்திக்கிட்டு நிக்கிறாங்கடா" என்றார். கொஞ்சம் கழித்து, "எனக்குக் குத்தினப்பவும் இப்படித்தான் நின்னாங்களாம். பாட்டி சொல்லியிருக்காங்க. நான் நம்பல" என்றார்.

பதினாறு பிட் பைல்களை இரண்டு தனித்தனி டிஸ்க்கில் போட்டு, ஒன்றை அக்கா வீட்டிலும் ஒன்றை இங்கேயும் வைத்திருக்கிறேன். நெகட்டிவ் துண்டு காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு, பரணில் இல்லை, பீரோவில் இருக்கிறது. உறையோடு ஒட்டிப்போன மற்ற இரண்டு துண்டுகளை இன்னும் பிரிக்கவில்லை. தண்ணீரில் ஊறவைத்தால் கழன்று வரும் என்று சிலர் சொல்கிறார்கள். படலமே கழன்றுவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். உங்களில் யாராவது பழைய ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர்கள் இருந்தால், கை வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.